சுழியில் விட்ட இடைவெளி

என் பிள்ளைக்கு,

நேற்று நீ போனை வைத்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. "சரிம்மா, அப்புறம் பேசறேன்" என்று சொல்லிவிட்டு வைத்தாய். அப்புறம் நீ பேச மாட்டாய் என்று எனக்குத் தெரியும். கோபம் வந்தாலும் வெட்கம் வந்தாலும் சின்ன வயதில் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாய். இப்போது போனை அணைத்து வைக்கிறாய், அவ்வளவுதான் வித்தியாசம். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நேரில் பேசினால் நடுவில் புகுந்து என் பேச்சைக் கெடுத்துவிடுவாய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை, நான் முடிக்கும்வரை நீ வாயை மூடிக்கொண்டு கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னையில் இத்தனை வருஷம் கண் எரிய எரிய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நீ வரைந்த தமிழ் எழுத்துரு அடுத்த வாரம் வெளிவருவதாக இருந்தது. ண, ன, இ மாதிரி எழுத்துகளில் வரும் சுழியை முழுதாக மூடாமல், ஒரு கீற்று இடைவெளி விட்டு நிறுத்துவதுதான் அதில் உன் தனி அடையாளம். அது உன் கண்டுபிடிப்பு என்று ஒரு கூட்டத்தில் மேடை ஏறியும் சொல்லியிருக்கிறாய். இப்போது உன்னோடு வேலை செய்கிறவர் ஒருவர் பழைய லாரியின் பின்பலகைப் படத்தைக் காட்டி, "இந்த இடைவெளி அந்தக் காலத்துலயே லாரில இருக்கே சார்" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். உனக்கு முகம் செத்துப்போய்விட்டது. எழுத்துருவை வாபஸ் வாங்கப் போவதாகவும், அதில் உன்னுடையது என்று ஒன்றுமே இல்லை என்றும், இந்த வேலையே வேண்டாமென்று வேறு எதையாவது பார்க்கப் போவதாகவும் சொன்னாய். இதுதானே?

உன் அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம் என்பதால் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்கும் விஷயம் தெரிந்திருக்கும். முழுதும் கேட்டுவிட்டு, "இப்பதான் கண்டுபுடிச்சானுங்களா?" என்று சிரித்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பிள்ளை அங்கே சோறு இறங்காமல் கிடக்கிறான், இவருக்குச் சிரிப்பு. ஆனால் அவர் ஏன் சிரித்தார் என்பது உனக்குத் தெரியாது. தெரிய நியாயமும் இல்லை, அது நடந்தபோது நீ என் வயிற்றில் இருந்தாய். அதைச் சொல்வதற்குத்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் இருவரும் போர்டு எழுதிய முறை உனக்கு நினைவிருக்கும். பலகைக்கு வெள்ளை அடித்துக் காய்ந்ததும், சாக்பீஸ் தேய்த்த நூலை ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பிடித்துச் சுண்டுவோம். கோடு விழும். அந்தக் கோட்டுக்குள் அப்பா எழுத்தின் ஓரத்தை வரைவார். உள்ளே வண்ணம் நிரப்புவது என் வேலை. பார்க்கிறவர்களுக்கு வரைகிறவர்தான் கலைஞர், நிரப்புகிறவள் அவருடைய சம்சாரம். ஆனால் சுழி எவ்வளவு பெரிய ரோதனை என்பது நிரப்புகிறவளுக்குத்தான் தெரியும். நடுவில் ஒரு பொட்டு வெள்ளை விட வேண்டும். கை கொஞ்சம் அசைந்தாலும், பெயிண்ட் கொஞ்சம் இளகியிருந்தாலும், அந்தப் பொட்டு மூடிப்போய் எழுத்து கண்ணில் பூ விழுந்த மாதிரி ஆகிவிடும். துடைத்துவிட்டு மறுபடி எழுத வேண்டும். கல்யாணமான புதிதில் நான் இதற்காக அழுதுகூட இருக்கிறேன்.

கல்யாணமான அந்த வருஷமே, நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு என் அம்மா வீட்டுக்குப் போனோம். நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும், அதற்கு முந்தின வாரமே குடும்பம் குடும்பமாகப் போய்ப் புல் செதுக்கி, கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, கல்லில் கொத்தியிருக்கும் பெயருக்கு மறுபடி கறுப்பு ஏற்றுவார்கள். வீட்டுக்குப் பெயிண்டர் மாப்பிள்ளை வந்திருக்கிறார் என்றதும் என் அப்பாவின் கல்லை உன் அப்பாவிடமே விட்டுவிட்டார்கள். அவருடைய ஊரில் எல்லாம் மரச் சிலுவைதான், கல்லில் கொத்திய எழுத்தை அவர் அதுவரை கிட்டத்தில் பார்த்ததில்லை. சுழிகள் எல்லாம் ஓரிடத்தில் திறந்து கிடப்பதைப் பார்த்து, கல் உடைந்து போயிருக்கிறது என்று நினைத்துவிட்டார். ஒவ்வொரு சுழியாகப் பெயிண்டால் இழுத்து மூடி, அழகாக வட்டம் போட்டு முடித்தார். என் அம்மா பார்த்துவிட்டு, "பளிச்சினு கீது மாப்ள" என்றார்கள். என் அண்ணன், அதாவது உன் மாமா, இரண்டு முறை இருமிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். அவர் ஏன் இருமினார் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் ரோடு மறியல் வந்தது. இட ஒதுக்கீடு கேட்டு மாவட்டம் முழுக்க மரத்தை வெட்டிப் போட்டு ரோட்டை அடைத்திருந்தார்கள். நாங்கள் திருநாவலூரில் ஒரு ரைஸ் மில்லுக்குப் போர்டு எழுதப் போனவர்கள் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டோம். ரெண்டு நாளில் அடங்கிவிடும் என்று மில்காரர் சொன்னார், அடங்கவில்லை. கடைசியில் நடந்தே கிளம்பிவிட்டோம். உளுந்தூர்பேட்டையை நெருங்க நெருங்க, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை லாரி. எந்தெந்த ஊர் லாரியோ, ஒன்றின் பின்னால் ஒன்றாக நின்றுகொண்டிருந்தது. டிரைவர்கள் புளியமர நிழலில் கல் கூட்டிச் சோறு பொங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வயிற்றில் நீ, காலில் அறுந்த செருப்பு. கள்ளக்குறிச்சி எப்போது வரும் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. உன் அப்பாவோ ஒவ்வொரு லாரியின் பின்னாலும் போய் நின்று, கையைக் கட்டிக்கொண்டு எழுத்தைப் பார்க்கிறார்.

"ஊரே தடி எடுத்துக்கினு நிக்குது, நீங்க லாரிக்குப் பின்னால இன்னா பாத்துக்கினு கீறீங்க?" என்று கத்தினேன்.

"இரு, இரு. இத்தினி ஊரு எழுத்து ஒரே எடத்துல எப்பக் கெடைக்கும்?" என்றார். அவருக்கு அது மறியலாகத் தெரியவில்லை, கண்காட்சியாகத் தெரிந்திருக்கிறது. அந்த நிமிஷம் அவரை விட்டுவிட்டு அப்படியே என் அம்மா வீட்டுக்குப் போய்விடலாமா என்று நான் நினைத்தது உண்மை.

ஒரு நாமக்கல் லாரியின் முன்னால் மட்டும் வெகுநேரம் நின்றுவிட்டார். அதன் பின்பலகையில் சுழிகள் எல்லாம் திறந்திருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரே இடத்தில், ஒரே அளவில், ஒரு கீற்று. எழுதிய பெயிண்டர் ஏன் இப்படி விட்டார் என்று டிரைவரிடம் கேட்டார். அந்த மனிதர் சோற்றைக் கிளறிக்கொண்டே சொன்னார்: "அவரு அப்படித்தானுங்க எழுதுவாரு. மொத்தமான பிரஷ்ஷுல சுழிய மூடுனா பெயிண்டு ஊறி உள்ள அடைச்சுக்குமாமுங்க. அவங்க அய்யன் மைல் கல்லு கொத்துனவருங்க. கல்லுல அப்படி வுட்டாத்தான் நிக்கும்னு அவரு வுட்டாராம், அதையப் பாத்து இவரு பெயிண்டுல வுட்டுட்டாருங்க."

உன் அப்பா என் பக்கம் திரும்பினார். முகத்தில் ஈயாடவில்லை. "அய்யய்யோ, மாமனாரு கல்ல கெடுத்துட்டேனே" என்றார். எனக்கு அந்தப் பசியிலும் சிரிப்பு வந்துவிட்டது.

சிரிப்பு அதிக நேரம் நிலைக்கவில்லை. கொஞ்சம் தள்ளிப் பெரிய மரம் ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தது, அங்கே ஒரு கூட்டம். எங்களைப் பார்த்ததும் நான்கைந்து இளவட்டங்கள் வந்து மறித்துக்கொண்டார்கள். "யாருண்ணா நீங்க? எந்த ஊரு?" என்றான் ஒருவன். உனக்குச் சொல்வதற்கு என்ன, அந்த நாட்களில் சில ஊர்களில் எங்களைப் போன்றவர்களின் குடிசைகள் எரிந்துகொண்டிருந்தன. ஊரைக் கேட்டவன் அடுத்துத் தெருவைக் கேட்பான், தெருவைச் சொன்னால் எல்லாம் தெரிந்துவிடும். நான் முந்தானையால் வயிற்றை மூடிக்கொண்டு நின்றேன். அதற்குள் இன்னொருவன் அப்பாவின் கையிலிருந்த பெயிண்ட் பெட்டியைப் பார்த்துவிட்டான். "பெயிண்டரா? நல்லதாப் போச்சி. எங்களுக்கு ஒண்ணு எழுதிக் குடுண்ணா" என்றான்.

யாரோ வேட்டி ஒன்றை அவிழ்த்து ரோட்டில் விரித்தார்கள். எங்களிடம் மீந்திருந்தது அடியில் தங்கிப்போன கறுப்பு எனாமலும், பின்னணி அடிக்கிற பட்டைப் பிரஷ்ஷும்தான். 'இட ஒதுக்கீடு வேண்டும்' என்று எழுத வேண்டும். முதல் எழுத்தான 'இ'யை வழக்கம்போல மூடி எழுதினார். பெயிண்ட் துணியில் ஊறிச் சுழி இருந்த இடத்தில் ஒரு கறுப்பு உருண்டைதான் மிஞ்சியது. அவர் பிரஷ்ஷைத் தூக்கிக்கொண்டு அந்த நாமக்கல் லாரி நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு அடுத்த சுழியை மூடாமல் விட்டார். அதற்கடுத்ததையும் விட்டார். 'ண்' எழுதும்போது கை தயங்கவே இல்லை.

"இன்னாண்ணா, பாதியில வுட்டுட்ட?" என்றான் அந்தப் பையன்.

"நீ தூரப் போய்ப் படி" என்றார் அப்பா.

அவன் லாரிகளைத் தாண்டித் தூரமாகப் போய் நின்று, உரக்கப் படித்துவிட்டு, "நல்லாத் தெரியுதுடா!" என்று அங்கிருந்தே கத்தினான். அதற்குப் பிறகு எங்களை யாரும் தெரு கேட்கவில்லை. அவர்களே கூட வந்து மரத்தைத் தாண்ட எனக்குக் கை கொடுத்தார்கள். வழியில் அடுத்த கூட்டத்திடம், "நம்ம எழுத்துக்காரரு, வுடுங்கடா" என்று சொல்லியும் விட்டார்கள். பிறகு டிராக்டர் ஒன்றில் கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்தோம். அது அவர்களுடைய கோரிக்கை, நம் வீட்டுக் கோரிக்கை அல்ல. ஆனாலும் எழுதிக் கொடுத்ததற்காக உன் அப்பாவோ நானோ ஒருநாளும் வருந்தியதில்லை. அவர்களுக்கு முன்னால் கேட்டு வாங்கியவர்கள் இருந்ததால்தான் அவர்களுக்கும் கேட்கத் தெரிந்தது. அவர்களுக்குப் பின்னால் கேட்டவர்களுக்கு அவர்களைப் பார்த்துத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் எனக்கு அழுகை வந்தது, அது வேறு விஷயம்.

ரோடு திறந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அப்பா மண்ணெண்ணெயும் பழைய பிளேடுமாக உட்கார்ந்து, தான் மூடிய சுழிகளை ஒவ்வொன்றாகச் சுரண்டித் திறந்தார். உன் மாமா பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு அப்போதுதான் வாயைத் திறந்தார். "கல்லுக்காரரு கொத்தும்போது நான் பக்கத்துல நின்னுக்கினு இருந்தேன் மாப்ள. சுழிய முழுசா கொத்துனா நடுவுல கீற பொட்டு தெறிச்சி பூடும்னாரு. அப்பவே சொல்லலாம்னு பாத்தேன். புது மாப்ளைய இன்னா சொல்றதுன்னு வுட்டுட்டேன்." மாப்பிள்ளை மரியாதை என்று ஒன்று இருக்கிறதே, அதனால் என் அப்பாவின் பெயர் ஏறக்குறைய ஒரு வருஷம் தப்பாகவே நின்றது. உன் அப்பா மாமனாரின் கல்லைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு எழுந்தார். அன்றிலிருந்து அவர் எழுதிய ஒரு போர்டிலும் சுழியை மூடவில்லை. நானும் அதற்குப் பிறகு நிரப்பும்போது அழவில்லை.

இப்போது நீ யோசித்துப் பார். கல் தெறிக்கக் கூடாது என்று ஒருவர் விட்டார். பெயிண்ட் அடைக்கக் கூடாது என்று அவருடைய மகன் விட்டார். தூரத்தில் நிற்கிறவன் படிக்க வேண்டும் என்று உன் அப்பா விட்டார். அந்தப் போர்டுகளுக்கு அடியில்தான் நீ தவழ்ந்தாய், காயாத பெயிண்டில் கை வைத்து என்னிடம் அடி வாங்கினாய், கல்வராயன் மலைக்கு அப்பாவோடு பஸ்ஸில் போய் ஊர்ப் பெயர்ப் பலகைகளை எழுத்துக்கூட்டிப் படித்தாய். அந்தச் சுழி உன் கைக்குள் எப்போது வந்தது என்று உனக்கே தெரியாமல் வந்துவிட்டது. தெரியாமல் வந்ததால் உனக்குள்ளேயே முளைத்தது என்று நினைத்துவிட்டாய். மேடையில் 'கண்டுபிடிப்பு' என்று ஒரு வார்த்தை சொன்னாயே, அதை வாபஸ் வாங்கு. எழுத்தை ஏன் வாங்க வேண்டும்?

உன்னுடையது ஒன்றுமே இல்லை என்றாய். எனக்கு வந்த கோபத்துக்குக் காரணமே அந்தப் பேச்சுதான். போன மாதம் நீ என் போனில் அந்த எழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாய். மறுநாள் கரண்ட் பில் மெசேஜ் வந்தது. கண்ணாடியைத் தேடாமலே படித்துவிட்டு, படித்ததைக்கூட உணராமல் அடுப்படிக்குப் போய்விட்டேன். பாதி வழியில்தான் உறைத்தது. அரிசி அளவு எழுத்தில் சுழி அடைக்காமல் நிற்பதற்கு எந்த இடத்தில் எவ்வளவு திறக்க வேண்டும் என்று லாரி பெயிண்டருக்குத் தெரியாது, உன் அப்பாவுக்கும் தெரியாது. அவர்களுக்கு அந்தத் தேவையே வரவில்லை. அதற்காக நீ எத்தனை முறை வரைந்து அழித்தாய் என்று எனக்குத் தெரியும், லீவுக்கு வந்தால்கூட மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு சோற்றை ஆறவிட்டவன் நீ. அது உன்னுடையது. மற்றதெல்லாம் உனக்குக் கிடைத்தது. யார் யாரிடமிருந்து கிடைத்தது என்று எழுத்துருவோடு சேர்த்து நாலு வரி எழுதிப் போடு. அந்தப் படத்தைக் காட்டினாரே உன் கூட்டாளி, அவர் பெயரையும் போடு, அவர் காட்டியிருக்காவிட்டால் இதெல்லாம் உனக்குத் தெரிந்திருக்காது. உனக்கு அவமானம் என்று தோன்றுவது எனக்கு ஒரு குடும்பப் படம் மாதிரி இருக்கிறது. எனக்குப் பெருமையாக இருக்கிறது கண்ணு, அதை வெட்கப்படாமல் சொல்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இன்று காலை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஃபிளெக்ஸ் கடைக்குப் போயிருந்தேன், உன் சித்தி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் பேனர் அடிக்க. அங்கே கம்ப்யூட்டரில் வடிவமைக்கிற பெண் கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்காரி, கீழே வந்து படித்து இங்கேயே வேலைக்குச் சேர்ந்தவள். அவள் மலைப் பஸ் நிறுத்தங்களுக்கு ஊர்ப் பெயர்ப் பலகை தயார் செய்துகொண்டிருந்தாள். திரையைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உன் எழுத்து. தைப் பொங்கலுக்கு வந்தபோது, உன் மாமா மகள் கல்யாணப் பேனருக்கென்று நீ அந்தக் கடையில் ஏற்றிக் கொடுத்தாய் என்று கடைக்காரர் பிறகு சொன்னார், அது அங்கேயே தங்கிவிட்டது. ஆனால் அது அப்படியே உன் எழுத்தும் இல்லை. சுழியில் நீ விட்ட கீற்று அதில் ஒரு விரல் அகலத்துக்குத் திறந்திருந்தது.

"ஏம்மா, இதை நீயா மாத்தினே?" என்றேன்.

"ஆமாங்கம்மா. மலையில பனி எறங்குச்சினா இந்தச் சின்ன சந்து தெரியல, எழுத்து மூடிக்கினு போவுது. பஸ்ஸுல வர்றவங்க எந்த ஊருன்னு தெரியாம எறங்கிடறாங்க. அதான் கொஞ்சம் ஜாஸ்தியா தெறந்து வுட்டேன்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "ஏன்ம்மா, இது யாரு எழுத்துன்னு உங்களுக்குத் தெரியுமா? கை வெச்சதுக்குக் கோவிச்சிக்குவாங்களா?" என்று கேட்டாள். பயந்துதான் கேட்டாள்.

அவள் செய்தது நன்றாக இருந்தது. உன் எழுத்தைவிடப் பனிக்கு அதுதான் சரி, நீ நேரில் பார்த்தால் நீயே ஒப்புக்கொள்வாய். நாளைக்கு அந்தப் பலகைகள் மலைக்கு ஏறுகின்றன. என் பிள்ளை எழுத்துதான், அவன் கோவித்துக்கொள்ள மாட்டான், சந்தோஷப்படுவான் என்று உன்னைக் கேட்காமலே அவளிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

அம்மா